பத்திரம் சரி, மட்டம் சரியா? முடிச்சூர் பக்கம் வீடு வாங்கிய ஒரு குடும்பம்

2024 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி போன் செய்தான். "மாமா, வீடு அமைஞ்சிடுச்சு. முடிச்சூர்லேர்ந்து கொஞ்சம் உள்ளே. அரை கிரவுண்டு, தனி வீடு. வக்கீல் பேப்பர் எல்லாம் பார்த்துட்டார், கிளியர். சத்தமே இல்ல மாமா, குயில் கூவுது."

குயில் கூவுவது நல்ல விஷயம்தான். ஆனால் சென்னைப் புறநகரில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது படகு. 2015 நவம்பர் நடுவில் அந்தப் பக்கத்து நகர்களுக்குள் படகு விட்டு ஆட்களை மாடியிலிருந்து இறக்கினார்கள். தண்ணீர் வடிந்து, பாய் தலையணையைக் காயவைத்து முடிப்பதற்குள் டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன், மேற்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறேன். தண்ணீர் வடிந்தபின் அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ச் சுவர் பார்த்திருக்கிறேன்.

"டோக்கன் கொடுத்துட்டியா?"

"ஐம்பதாயிரம் மாமா."

"சரி. இனிமேல் ஒத்தை ரூபாய் கொடுக்காதே. நான் வந்து பார்க்கிறேன்."

அதற்கப்புறம் அந்தக் குடும்பம் வீடு வாங்கி முடித்ததும், முதல் மழைக்காலத்தைக் கழித்ததும்தான் இந்தக் குறிப்பு. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன், நகர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. விற்றவர்கள், விற்க முடியாதவர்கள் எல்லோரும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

குடும்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: மைத்துனனுக்கு மறைமலைநகரில் வேலை. அவன் மனைவி தாம்பரத்தில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். கூடவே என் மாமியார், வயது 68, முழங்கால் வலி, சர்க்கரைக்கு இன்சுலின். குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள், லிப்ட் கிடையாது. செய்யாறு பக்கம் ஊர் நிலம் விற்ற பணம் கையில் இருந்தது. மாமியாருக்குத் தரையோடு ஒரு வீடு வேண்டும், வாசலில் ஒரு முருங்கை வேண்டும். இதில் "தரையோடு" என்பதுதான் பின்னால் பெரிய தகராறானது.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும்

வீட்டைப் பார்க்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்தினேன். மைத்துனன் செல்போனில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து வைத்திருந்தான். மொத்தம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று மனப்பாடமாகவே சொன்னான். 2015 முதல் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. மழை என்றால் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்றால் அடையாறு.

முடிச்சூருக்கு இது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலை பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு பிறந்து கொஞ்ச தூரமே வந்திருக்கிற இடத்தில் இருக்கின்றன. ஆதனூர் பக்கமிருந்து ஒரு கிளை, மணிமங்கலம், ஒரத்தூர் பக்கமிருந்து இன்னொரு கிளை. அந்தப் பகுதியின் ஏரிகளெல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் ஆற்றுக்கு. வயலாக இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. இரண்டு நாள் வயலில் தண்ணீர் நின்றால் யாரும் படகு கேட்கவில்லை. இப்போது அந்த வயலில் நம் ஹால் இருக்கிறது.

ஆகவே இங்கே குடியிருப்பவர் செம்பரம்பாக்கம் 21 அடியா 22 அடியா என்று பார்த்துக்கொண்டிருப்பதால் பெரிய பயனில்லை. ஆதனூர் கலங்கலில் எவ்வளவு போகிறது என்று தெரிந்த ஒரு ஆளின் போன் நம்பர் அதைவிட உதவும்.

2015க்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆற்றை அகலப்படுத்தினார்கள். மூடு கால்வாய் போட்டார்கள். ஒரத்தூரில் நீர்த்தேக்கம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆனாலும் 2021 நவம்பரில் வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர் புகுந்தது. வேலை நடந்திருக்கிறது, குறைந்திருக்கிறது, தீரவில்லை. வீடு வாங்குகிறவர் இந்த மூன்றையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும். தரகர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதல் வீடு

78 லட்சம் சொன்னார்கள். 2009இல் கட்டியது, தரைத்தளம் மட்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வாசலில் உண்மையாகவே ஒரு முருங்கை. மாமியார் உள்ளே போவதற்கு முன்பே முருங்கையைத் தடவிப் பார்த்துவிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, இவரைச் சமாளிப்பது கஷ்டம்.

வீடு பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சில்தான் எனக்கு உறுத்தல். ஹாலில் சுவரைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். குளியலறையில் ஒட்டுவார்கள், சமையலறை மேடைக்கு மேல் ஒட்டுவார்கள். ஹாலில் எதற்கு? "துடைக்க ஈஸி சார்" என்றார் வீட்டுக்காரர். சுவிட்ச் போர்டுகள் எல்லாம் என் தலைக்கு மேலே. பழைய போர்டு இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு சிமென்ட் பூச்சு, அதற்கும் பெயின்ட். நிலைக்கதவு தேக்கு, உள் கதவுகள் மூன்றும் புத்தம்புது பிளாஸ்டிக் கலவைக் கதவுகள். மரக்கதவு ஒருமுறை ஊறி உப்பினால் அப்புறம் மூடாது. மின்மீட்டர் பெட்டியை ஏணி போட்டுத்தான் பார்க்க வேண்டும். கேட்டின் அடிப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.

இதில் எதுவும் குற்றமில்லை. சொல்லப்போனால் விவரமான மனிதர், பட்டு பட்டுக் கற்றுக்கொண்டு வீட்டைத் திருத்தியிருக்கிறார். ஆனால் "2015ல எவ்வளவு சார் வந்தது?" என்று கேட்டபோது, "ஒரு அடி வந்திருக்கும், மறுநாளே போயிடுச்சு" என்றார். ஒரு அடித் தண்ணீருக்கு யாரும் ஐந்தடி டைல்ஸ் ஒட்டுவதில்லை.

வெளியே வந்து எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான். குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். எழுந்து உள்ளே கூட்டிப்போய் சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கதவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். பழுப்புக் கோடு, ஒரு விரல் அகலம். அதற்கு மேலே வெளுத்த நீலச் சுண்ணாம்பு, கீழே உப்புப் பூத்த சுவர். "வீடு முழுக்க அடிச்சாங்க தம்பி, இதை மட்டும் நான் அடிக்க விடல. பையன் மறந்துடுவான்" என்றார்.

அளந்தேன். பாட்டி வீட்டுத் தரையிலிருந்து 3 அடி 1 அங்குலம்.

டியூப் லெவல்

ஒருவர் வீட்டில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது இன்னொரு வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. தரை உயரம் வேறு. அந்தக் கோட்டை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேஸ்திரிகளிடம் இருக்கிற டியூப் லெவல் போதும். கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் மட்டும் கணக்குத் தப்பும். அதனால் முதலில் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்ற வேண்டும்.

மறுநாள் காலை என்னோடு வேலை செய்யும் மேஸ்திரியை வண்டியில் உட்காரவைத்துப் போனேன். பாட்டியின் சாமான் அறையிலிருந்து ஜன்னல் வழியாகக் காம்பவுண்டுக்கு ஒரு தாவல், காம்பவுண்டிலிருந்து எதிர் காம்பவுண்டுக்கு ஒரு தாவல், அங்கிருந்து விற்பனை வீட்டு ஹாலுக்கு ஒரு தாவல். மேஸ்திரி ஒரு முனையில் "ஏத்து... ஏத்து... நிறுத்து" என்று சொல்ல, மைத்துனன் மறு முனையில் பென்சில் பிடித்து நின்றான். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

பென்சில் கோடு டைல்ஸின் மேல் வரிசையில் விழுந்தது. ஹால் தரையிலிருந்து 4 அடி 8 அங்குலம். டைல்ஸ் முடிவது 5 அடியில். மனிதர் சரியாகத்தான் அளந்து ஒட்டியிருக்கிறார்.

காரணமும் அப்போதே தெரிந்துவிட்டது. பாட்டி வீட்டுத் தரை ரோட்டைவிட 8 அங்குலம் உயரம். இந்த வீட்டுத் தரை ரோட்டைவிட 11 அங்குலம் பள்ளம். கட்டியபோது வாசலில் இரண்டு படி ஏறிப் போனதாகப் பாட்டி சொன்னார். இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும். வீடு அமிழவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனதன் விளைவு. ஆக, பெருவெள்ளம் வேண்டாம், ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தாலே ரோட்டுத் தண்ணீர் இந்த ஹாலுக்கு வந்துவிடும்.

மாமியாருக்கு அதுதான் பிடித்திருந்தது. "படியே இல்ல பாருங்க மாப்ள, என் காலுக்கு எவ்வளவு சௌகரியம்" என்றார். தரையோடு வீடு கேட்டவருக்குத் தரைக்கும் கீழே வீடு கிடைத்திருந்தது.

காகிதத்தில் இருந்ததும் இல்லாததும்

வங்கி வக்கீல் கொடுத்த சட்டக் கருத்தை வாங்கிப் படித்தேன். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம், சொத்துவரி ரசீது, எல்லாம் ஒழுங்கு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியதும், மறு வருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் நினைவிருக்கலாம். அந்த மனையும் அப்படி வரன்முறை செய்யப்பட்டதுதான். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண் யாருடையது என்ற கேள்விக்கு அத்தனை பக்கமும் பதில் சொல்கிறது. மண் எவ்வளவு பள்ளம் என்று வக்கீலிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்கும் பாதிப் பதில் அரசுக் காகிதத்திலேயே இருக்கிறது. சர்வே எண்ணைப் போட்டால் புலப்படம் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) இணையத்திலேயே கிடைக்கும், காசு வேண்டாம். கிராம வரைபடம் வாங்கினால் இன்னும் நல்லது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மனைக்கு இரண்டு சர்வே எண் தள்ளி, இரட்டைக் கோட்டில் ஒரு வாய்க்கால் கோணலாகப் போகிறது. புலப்படத்தில் அதன் அகலம் 5 மீட்டருக்கு மேல். நேரில் போய்த் தேடினோம். நகரில் எல்லாத் தெருவும் கட்டம் போட்டதுபோல் நேராக இருக்க, ஒரு தெரு மட்டும் காரணமில்லாமல் குறுக்கே சாய்ந்து போனது. அதன் ஓரத்தில் இரண்டடி அகல சிமென்ட் வடிகால், அதிலும் பாதி குப்பை. அந்தத் தெருதான் வாய்க்கால். புது லேஅவுட்டில் கோணலாக ஒரு தெருவைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கால் தானாக நின்றுவிடுகிறது.

மைத்துனன் ரசித்த அமைதிக்கும் காரணம் இருந்தது. சுற்றிலும் ஏழெட்டு மனை காலியாகக் கிடந்தன. குயில், கொக்கு, மாலையில் காற்று. அந்தக் காலி மனைகள்தான் இப்போது அந்தத் தெருவின் ஏரி. நாளைக்கு ஒருவர் வாங்கி, நான்கடி மண் கொட்டி, மேடாக்கி வீடு கட்டுவார். அவர் மேல் தப்பில்லை, அவர் வீட்டை அவர் காப்பாற்றிக்கொள்கிறார். அவர் மனையில் நின்ற தண்ணீர் அடுத்த பள்ளத்துக்குப் போகும். அடுத்த பள்ளம் நம் ஹால்.

கணக்கு

வீட்டுக்காரர் மூன்று லட்சம் குறைக்கத் தயாராக இருந்தார். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாம் என்று யோசித்தோம். சென்னைப் புறநகரில் இப்போது இது சாதாரணம், அடித்தளத்தை அறுத்து வரிசையாக ஜாக்கி கொடுத்து அங்குலம் அங்குலமாக ஏற்றுகிறார்கள். விசாரித்ததில், ஐந்தடி தூக்கி, உள்ளே நிரப்பி, தரை போட்டு, படி கட்டி, குழாயும் செப்டிக் டேங்கும் மாற்றி முடிக்க எங்கள் கணக்கில் 9 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு வங்கிக் கடன் கிடைப்பதும் சந்தேகம். பதினைந்து வருடப் பழைய சுவர் வேறு. தூக்கும்போது விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மைத்துனன் விடவில்லை. "மாமா, அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைன்னு சொல்றாங்களே." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், இருபது வருடக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை என்றால் 33 சதவீதம், மூன்றில் ஒன்று. கால்குலேட்டரில் அவனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை போட்டுப் பார்த்தான். அன்று சாயங்காலம் தரகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டோக்கன் பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது, அதுவும் இரண்டு மாதம் அலைந்தபின்.

அந்தப் பக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் பட்ஜெட்டுக்கு வேறு எங்கே போவது? வேளச்சேரி, பள்ளிக்கரணையில் இதைவிட விலை அதிகம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே தண்ணீர் நின்ற நாட்களும் அதிகம். வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்ததும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மேடான இடம் என்று பார்த்தால் விலை எட்டாது. அதனால் ஊரை மாற்றாமல் தெருவை மாற்றினோம்.

இரண்டாவது வீடு

அதே நகர், மெயின் ரோட்டை நோக்கி மூன்று தெரு தள்ளி. 2013இல் கட்டியது. தரை ரோட்டைவிட 2 அடி 8 அங்குலம் உயரம், மாடியில் ஒரு அறையும் கழிப்பறையும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் 2015 கோடு அப்படியே இருந்தது. டியூப் பிடித்துப் பார்த்ததில் ஹாலுக்குள் 7 அங்குலம். விற்பவரைக் கேட்டோம். "அரையடிக்கு மேலே வந்தது. பீரோ அடித்தட்டு பாழாப்போச்சு" என்றார். சொன்னதும் அளந்ததும் ஒத்துப்போன முதல் ஆள். மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார்.

92 சொன்னவர் 89 லட்சத்துக்கு இறங்கினார். முதல் வீட்டுக்கு முதலில் சொன்ன விலையைவிட 11 லட்சம் அதிகம். அந்த 11 லட்சம் மூன்றரையடி உயரத்துக்கும் ஒரு மாடி அறைக்கும் கொடுத்த விலை என்று மைத்துனனுக்குச் சொன்னேன். வங்கியின் மதிப்பீட்டாளர் 80 லட்சம்தான் போட்டார், அதில் 80 சதவீதம், 64 லட்சம் கடன். முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டினார்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், 8 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 50 லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் பெயரில் கட்டும் வருமான வரி) பிடித்து மீதியை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். இதைத் தரகர் கடைசி நாள்தான் சொன்னார். ஆடி முடியட்டும் என்று மாமியார் நிறுத்திவைத்து, ஆவணியில் பதிவு, அதே மாதம் பால் காய்ச்சினார்கள்.

குடிபோகும் முன் செலவு செய்தது கொஞ்சம்தான். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தரையோடு இல்லாமல் ஒன்றரையடி கழுத்துக் கட்டி ஏற்றினோம். செப்டிக் டேங்குக்குப் போகும் குழாயில், தண்ணீர் திரும்பி வராதபடி ஒரு வால்வு. இன்வெர்ட்டர் மாடிக்குப் போனது. மாமியாருக்காகப் படிகளின் உயரத்தைக் குறைத்து, கைப்பிடி வைத்தோம். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை அவர்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கி தலையில் கட்டியது கடன்காரர் இறந்துபோனால் கடனை அடைக்கும் பாலிசி. வீட்டுக்கு எதுவும் இல்லை. 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசியைக் கொடுக்க வேண்டும், அதில் வெள்ளம் சேர்த்தே வருகிறது. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் உண்டு. நிலத்தின் விலையைக் காப்பீடு செய்ய வேண்டியதில்லை, மறுபடி கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. அதனால் பிரீமியம் பயப்படுகிற அளவு இல்லை.

நான் அளக்காமல் விட்டது

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம், எங்களுக்கு மழை. முந்தின நாள் மாலையே மைத்துனன் காரை எங்கள் தெருவில் கொண்டுவந்து விட்டுவிட்டான். காலையில் போன் செய்தேன். வாசலில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. குரலில் பெருமை தெரிந்தது. எனக்கும்தான்.

மத்தியானம் மறுபடி போன் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றதால் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சரி, பிரிட்ஜ் ஓடாது. மாமியாரின் இன்சுலின் உள்ளே. ஐஸ் வாங்கவோ, வேறு வீட்டில் வைக்கவோ வெளியே போகலாமென்றால், தெரு முனையில் மெயின் ரோட்டுக்கு முன்னால் ஒரு சிறுபாலம். அது அந்தக் கோணல் தெருவிலிருந்து வரும் வடிகாலின் மேலே இருக்கிறது. ரோடு அங்கே இறங்கி ஏறும். அந்த இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர், இழுப்பும் இருந்தது.

ஹாலை அங்குலக் கணக்கில் அளந்தவன் நான். வாசலிலிருந்து மெயின் ரோடு வரை 350 மீட்டர், அதில் எங்கே பள்ளம் என்று அளக்கவில்லை. காய்ந்த வெயிலில் பைக்கில் நூறு முறை அதே பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். கண்ணில் படவேயில்லை. வீடு பார்ப்பதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே, சித்திரையிலும் வைகாசியிலும்தானே அலைந்தேன்.

மாமியார்தான் வழி சொன்னார். மாடி அறையில் மண்பானையில் தண்ணீர் ஊற்றி, இன்சுலின் குப்பிகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவைப் பானைக்குள் மிதக்கவிட்டார்கள். மேலே ஈரத்துணி. இரண்டாம் நாள் மாலை தண்ணீர் இறங்கி மின்சாரம் வந்தது. சம்ப் தண்ணீர் கெடவில்லை. கீழ்க் கழிப்பறையை இரண்டு நாள் பயன்படுத்த முடியவில்லை, மேலே இருந்ததால் பிழைத்தார்கள். முதல் வீட்டை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க மைத்துனன் அந்தத் தெருவுக்கு நடந்தே போனான். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீடு அப்போதும் விற்காமல்தான் இருந்தது.

இப்போது ஒரு சின்னக் குளிர்பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். கார்த்திகை முடியும்வரை மாமியார் எங்கள் வீட்டில் இருப்பது என்றும் ஏற்பாடு.

இந்த வருடம் தை கழிந்து தெருவில் ரோடு போட வந்தார்கள். புது ரோடு போடும் முன் பழையதைச் சுரண்டி எடுத்து மட்டத்தைக் காக்க வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். வந்தவர்களிடம் சுரண்டும் இயந்திரம் இல்லை. மைத்துனன் ஆபீஸில், அவன் மனைவி பள்ளியில். மாமியார் எனக்குப் போன் செய்தார், பின்னால் ரோலர் சத்தம் கேட்டது.

"மாப்ள, நம்ம தரை ரோட்டுக்கு மேலே எவ்வளவு?"

"ரெண்டடி எட்டங்குலம் அத்தை."

"இவங்க நாலு அங்குலம் போடறாங்களாம். நான் டேப்பை எடுத்துட்டு வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன். சுரண்டாம ஒரு சட்டி தார் விழக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்க அந்த டியூபையும் மேஸ்திரியையும் கூட்டிட்டு வாங்க."